குளிர்காலத்துக்கு எந்த கிரேடு இன்ஜின் ஆயில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயில் கேனின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண்ணைத் தீர்மானிப்பது நீங்கள் வண்டியை எடுக்கும் காலையின் குளிர். இரண்டாவது எண்ணைத் தீர்மானிப்பது இன்ஜினை வடிவமைத்தவர்கள். குளிர்காலத்தில் ஆயில் விஷயத்தில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை. கீழே வரும் வெப்பநிலைகள் எல்லாமே செல்சியஸில்.

5டபிள்யூ-30 என்பதில் எந்த எண் எதைச் சொல்கிறது?

டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் நிற்கும் எண், உறைகுளிரில் ஆயில் எவ்வளவு இளகி நிற்கும் என்பதற்கான வகுப்பு. பின்னால் வரும் எண், ஓடிச் சூடான இன்ஜினில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கான வகுப்பு. இரண்டும் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே300 என்ற தரவரையறையிலிருந்து வருபவை.

இவை நேரடி அளவுகள் அல்ல. 30 என்றால், 100 டிகிரியில் ஆயிலின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (அதை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்று பொருள். 20 என்றால் 6.9 முதல் 9.3 வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. டபிள்யூ வகுப்புகள் 0, 5, 10, 15, 20, 25 என்று ஆறு உண்டு. எண் குறையக் குறைய, ஆயில் அதிகக் குளிரைத் தாங்கும்.

குளிரில் 5, சூட்டில் 30 என்றால், சூடாகும்போது ஆயில் கெட்டியாகிறதா?

இல்லை. இந்த இரண்டு எண்களும் வெவ்வேறு அளவுகோல்களைச் சேர்ந்தவை, ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. எந்த ஆயிலும் குளிர்ந்தால் கெட்டிப்படும், சூடானால் இளகும். சாதாரண 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் சுமார் 10 சென்டிஸ்டோக்ஸ், 40 டிகிரியில் அறுபது சொச்சம், மைனஸ் 30-இல் பல ஆயிரம். அதில் கலந்திருக்கும் பாலிமர் மூலக்கூறுகள் குளிரில் சுருண்டு கிடக்கும், சூட்டில் விரியும். அப்படி விரிவதால் ஆயில் ஒரேயடியாக நீர்த்துப் போகாமல் நிற்கிறது. மல்ட்டிகிரேடு ஆயில் என்பது இதுதான்.

0டபிள்யூ என்றதும் தண்ணீர்போல இருக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. மைனஸ் 35-இல் அதுவும் 6,200 மில்லிபாஸ்கல்-விநாடி (கெட்டித்தன்மையை அளக்கும் மற்றோர் அலகு) வரை கெட்டியாக இருக்கலாம் என்றுதான் விதி அனுமதிக்கிறது. அறை வெப்பநிலையில் உள்ள தண்ணீரோ வெறும் 1.

எந்தக் குளிருக்கு எந்த டபிள்யூ?

ஒவ்வொரு டபிள்யூ வகுப்புக்கும் இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது, செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றும் அளவுக்கு ஆயில் வழிவிடுகிறதா என்று பார்க்கிறது. இரண்டாவது, அதைவிட 5 டிகிரி குறைந்த குளிரில், ஆயில் பம்ப் ஆயிலை இழுத்துக்கொடுக்க முடியுமா என்று பார்க்கிறது. எல்லைகள் இவை:

0டபிள்யூ: சுற்றும் சோதனை மைனஸ் 35-இல், பம்ப் சோதனை மைனஸ் 40-இல்
5டபிள்யூ: மைனஸ் 30, மைனஸ் 35
10டபிள்யூ: மைனஸ் 25, மைனஸ் 30
15டபிள்யூ: மைனஸ் 20, மைனஸ் 25
20டபிள்யூ: மைனஸ் 15, மைனஸ் 20
25டபிள்யூ: மைனஸ் 10, மைனஸ் 15

இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 35-இலிருந்து டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண்ணைக் கழித்தால், சுற்றும் சோதனை நடக்கும் மைனஸ் வெப்பநிலை கிடைத்துவிடும். 15டபிள்யூ என்றால் 35 கழித்தல் 15, அதாவது மைனஸ் 20.

ஆனால் இது ஆய்வகத்தில், புத்தம் புதிய ஆயிலுக்குக் கிடைத்த எல்லை. சம்ப்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) ஐந்தாறு மாதம் கிடந்த ஆயில் ஆக்சிஜனேற்றத்தாலும் கரியாலும் கொஞ்சம் கெட்டிப்பட்டிருக்கும். அதே காலையில் பேட்டரியும் பலம் குன்றியிருக்கும். அதனால் குறைந்தது 5 டிகிரியாவது இடைவெளி விடுங்கள். நடைமுறையில் 20டபிள்யூ மைனஸ் 10 வரை, 15டபிள்யூ மைனஸ் 15 வரை, 10டபிள்யூ மைனஸ் 20 வரை, 5டபிள்யூ மைனஸ் 25 வரை. அதற்கும் கீழே போகும் இடமென்றால் 0டபிள்யூதான், வேறு யோசனை வேண்டாம். மைனஸ் 35-ஐயும் தாண்டினால் ஆயிலை மட்டும் நம்பக் கூடாது, ஹீட்டரும் வேண்டும்.

எந்த வெப்பநிலையைக் கணக்கில் எடுப்பது? வானிலை அறிக்கையில் "உணரும் குளிர்" என்று வேறொரு எண்ணும் சொல்கிறார்களே?

அந்த உணரும் குளிர் தோலுக்கு உரியது, இரும்புக்கு அல்ல. காற்று எவ்வளவு வீசினாலும் இன்ஜின் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே குளிராது. அந்த வெப்பநிலைக்குச் சீக்கிரம் வந்துவிடும், அவ்வளவுதான். ஆகவே அறிக்கையில் உள்ள உண்மையான வெப்பநிலையைப் பாருங்கள்.

மாதச் சராசரியைப் பார்த்து ஆயில் வாங்கக் கூடாது. இன்ஜினைக் கெடுக்க ஒரே ஒரு காலை போதும். கடந்த சில குளிர்காலங்களில், நீங்கள் வண்டி எடுக்கும் நேரத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை எதுவோ அதுதான் கணக்கு. வண்டி இரவெல்லாம் வெட்டவெளியில் நின்றால் ஆயிலும் அந்த வெப்பநிலைக்கே வந்துவிடும். வீட்டோடு ஒட்டிய மூடிய ஷெட்டில் நின்றால் அவ்வளவு குளிராது. ஆனால் வார இறுதியில் மலைப்பகுதிக்குப் போய் இரவு தங்கும் வழக்கம் இருந்தால், அந்த இடத்தின் குளிரைத்தான் பார்க்க வேண்டும்.

செல்ஃப் எடுத்து, இன்ஜினும் ஓடிவிட்டது. அப்படியானால் ஆயில் சரிதானே?

ஆபத்து பெரும்பாலும் இங்கேதான். ஸ்டார்ட் ஆகாத வண்டி உங்களை அலுவலகத்துக்குத் தாமதமாக்கும், இன்ஜினுக்கு ஒன்றும் செய்யாது. ஸ்டார்ட் ஆன பிறகு ஆயில் ஏறாத வண்டிதான் பேரிங்கைத் தின்னும்.

இது இரண்டு வகையில் நடக்கிறது. ஒன்று, ஆயில் மிகவும் கெட்டிப்பட்டு, சம்ப்பின் அடியில் உள்ள சல்லடையையும் உறிஞ்சு குழாயையும் போதுமான வேகத்தில் கடக்காமல் போவது. மற்றொன்று இதைவிடக் கள்ளத்தனமானது. ஆயிலில் உள்ள மெழுகு படிகங்களாகிப் பின்னிக்கொள்ளும். ஆயில் உறைந்த கூழாக நிற்கும். பம்ப் முதலில் உறிஞ்சு குழாயைச் சுற்றியுள்ளதை இழுத்துவிடும். கிரீஸ் டப்பாவில் விரலால் தோண்டிய குழி மூடாமல் அப்படியே நிற்பதுபோல, சம்ப்பில் விழுந்த பள்ளமும் மூடாது. அதன்பின் பம்ப் இழுப்பதெல்லாம் காற்றுதான். டிப்ஸ்டிக்கில் ஆயில் நிறைவாகக் காட்டும், பேரிங்கோ உலர்ந்து ஓடும்.

இந்த இரண்டாவது வகை கோளாறு 1980-81 குளிர்காலத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் உள்ள சூ ஃபால்ஸ் நகரில் பல இன்ஜின்களைக் கெடுத்தது. அந்த ஆயில்கள் அன்றைய சோதனைகளில் தேறியவை. சோதனையில் ஆயிலை வேகமாகக் குளிர்வித்தார்கள். இயற்கையோ மெதுவாக, ஏறி இறங்கிக் குளிர்வித்தது. மெழுகுப் படிகங்கள் வளர மெதுவான குளிர்ச்சிதான் தோது. அதற்குப் பிறகு வந்த பம்ப் சோதனையில் ஆயிலை ஏறக்குறைய இரண்டு நாள் எடுத்துக்கொண்டு மெல்லக் குளிர்விக்கிறார்கள். பாகுநிலை 60,000 மில்லிபாஸ்கல்-விநாடியைத் தாண்டக் கூடாது, கூழாக இறுகி நிற்கவும் கூடாது. இன்று எஸ்ஏஇ டபிள்யூ வகுப்பை முறைப்படி போட்டிருக்கும் ஆயில் இதில் தேறியிருக்க வேண்டும். பெயர் தெரியாத மலிவான ஆயிலில் "5டபிள்யூ" என்று அச்சடித்திருந்தால், அந்த அச்சை நம்புவது உங்கள் பொறுப்பு. கேனில் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) வட்ட முத்திரை உள்ளதா என்று பாருங்கள்.

ஸ்டார்ட் செய்தபின் ஆயில் எச்சரிக்கை விளக்கு நான்கைந்து விநாடியில் அணையாவிட்டால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். "சூடானால் சரியாகிவிடும்" என்று ஓட விட வேண்டாம்.

விவரத்தாளில் போர் பாயின்ட் மைனஸ் 42 என்று உள்ளது. மைனஸ் 40 வரை பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. போர் பாயின்ட் சோதனையில் ஒரு குப்பியைச் சாய்த்து, ஆயில் அசைகிறதா இல்லையா என்றுதான் பார்க்கிறார்கள். தானாக அசைவது வேறு, சல்லடை வழியே விநாடிக்கு இத்தனை என்று பம்புக்கு வருவது வேறு. போர் பாயின்ட் மைனஸ் 42 உள்ள ஆயில் 5டபிள்யூவாகவும் இருக்கலாம், 10டபிள்யூவாகவும் இருக்கலாம். விவரத்தாளில் நீங்கள் தேட வேண்டியவை குளிர் சுற்றல் பாகுநிலை, பம்ப் பாகுநிலை என்ற இரண்டு வரிகள். இரண்டு 5டபிள்யூ-30 ஆயில்களை ஒப்பிடும்போது, மைனஸ் 30-இல் ஒன்று 4,800, மற்றொன்று 6,400 என்று போட்டிருந்தால், முதலாவது குளிரில் தெளிவாகவே மேல்.

குளிர்காலத்துக்கு இரண்டாவது எண்ணையும் குறைக்கலாமா? 5டபிள்யூ-30-க்குப் பதில் 0டபிள்யூ-20?

கையேடு அனுமதித்தால் மட்டும். வெளியே மைனஸ் 30 ஆக இருந்தாலும், அரை மணி நேரம் ஓடிய இன்ஜினின் பேரிங்கில் ஆயில் 100 டிகிரியைச் சுற்றியே இருக்கும். டர்போவில் அதைவிட மிக அதிகம். அங்கே உலோகத்தையும் உலோகத்தையும் பிரித்து வைப்பது ஒரு மெல்லிய ஆயில் படலம். அதன் பலத்தை 150 டிகிரியில், வேகமாக அரைபடும் நிலையில் வைத்து அளக்கிறார்கள். 20 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.6, 30 கிரேடுக்கு 2.9, 0டபிள்யூ-40-க்கு 3.5 மில்லிபாஸ்கல்-விநாடி. பேரிங் இடைவெளியும் பம்பின் கொள்ளளவும் இந்த எண்ணை மனதில் வைத்தே முடிவு செய்யப்படுகின்றன.

ஐரோப்பிய இன்ஜின்கள் பலவற்றில் கையேடு வெறும் "30" என்று மட்டும் கேட்பதில்லை. ஏசிஇஏ என்ற ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கத்தின் சி3 தரம் என்றும் கேட்கும். அந்தத் தரம் 3.5-க்குக் குறையாத படலத்தைக் கேட்பது. அதனால் 30 என்று எழுதிய எல்லா ஆயிலும் அங்கே பொருந்தாது. குளிருக்குப் பயந்து முதல் எண்ணை மாற்றுங்கள். இரண்டாவது எண்ணையும் தரக் குறியீட்டையும் அப்படியே விடுங்கள்.

கையேட்டில் 5டபிள்யூ-30. அதே தரத்தில் 0டபிள்யூ-30 கிடைத்தால் போடலாமா? கோடைக்குத் திரும்ப மாற்ற வேண்டுமா?

தரக் குறியீடு ஒன்றாக இருந்தால் போடலாம், கோடையிலும் ஓட்டலாம். சூடான இன்ஜினுக்கு 0டபிள்யூ-30-உம் 5டபிள்யூ-30-உம் ஒரே 30தான். "0டபிள்யூ கோடையில் நீர்த்துவிடும்" என்பது முதல் எண்ணைச் சூட்டுக்கும் பொருத்திப் பார்ப்பதால் வரும் பயம். உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியானால் மட்டும், கையேட்டின் பட்டியலில் 0டபிள்யூ-30 இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒரு சின்ன நுணுக்கம். டபிள்யூ எண் ஒன்றாக இருப்பதால் குளிரில் இரண்டும் ஒன்றாகிவிடாது. மைனஸ் 10 போன்ற மிதமான குளிரில் 0டபிள்யூ-20 ஆயில் 0டபிள்யூ-40-ஐவிட நன்றாகவே இளகி இருக்கும். வகுப்பின் எல்லைக்குள் இரண்டும் இருப்பதால் எண் ஒன்றாகத் தெரிகிறது.

சிந்தெடிக் கட்டாயமா?

0டபிள்யூ வேண்டுமென்றால் அந்தக் கேள்வியே எழாது; சாதாரண மினரல் ஆயிலைக் கொண்டு 0டபிள்யூ செய்ய முடியாது. 5டபிள்யூவும் பெரும்பாலும் சிந்தெடிக் அல்லது அரை சிந்தெடிக்தான். காரணம் மெழுகு. மினரல் அடிப்படை எண்ணெயில் மெழுகு மிச்சம் இருக்கும். சிந்தெடிக் ஆயிலின் அடிப்படையான பாலிஆல்ஃபாஓலிஃபினில் அது கிடையாது, நன்றாகச் சுத்திகரித்த மூன்றாம் வகை அடிப்படை எண்ணெயில் மிகக் குறைவு. மைனஸ் 5-க்குக் கீழே இறங்காத இடத்தில், கையேடு 10டபிள்யூ அல்லது 15டபிள்யூ அனுமதித்தால், மினரல் ஆயிலே போதும். அங்கே குளிரைக் காரணம் காட்டி சிந்தெடிக் வாங்க வேண்டியதில்லை.

இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜின். இளகிய ஆயில் போட்டால் ஒழுகாதா?

ஒழுக்கு பெரும்பாலும் சூடான இன்ஜினில் தெரிவது, அதில் பேசுவது இரண்டாவது எண். 15டபிள்யூ-40 ஓடிக்கொண்டிருந்த இன்ஜினில் 5டபிள்யூ-40 ஊற்றினால் சூட்டில் கெட்டித்தன்மை ஒன்றுதான். குளிரில் மட்டும் வித்தியாசம். பழைய மினரல் ஆயில் விட்டுச்சென்ற கசடு சீலின் ஓட்டையை அடைத்து வைத்திருந்தால், புதிய ஆயிலின் சுத்தம் செய்யும் தன்மை அதைக் கரைத்து ஒழுக்கை வெளியே காட்டலாம். அந்த ஓட்டை ஏற்கனவே இருந்தது. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். ஆயில் தின்னும் பழைய இன்ஜினுக்குக் குளிர்காலத்தில் 5டபிள்யூ-40 நல்ல சமரசம். 20டபிள்யூ-50 உறைகுளிர் உள்ள இடத்துக்கு ஆகாது.

குளிரில் ஆயில் பிரஷர் மீட்டர் உச்சத்துக்குப் போகிறது. நல்லதுதானே?

மீட்டர் காட்டுவது எதிர்ப்பை. ஓட்டத்தை அல்ல. கெட்டி ஆயில் குறுகிய வழிகளில் போக மறுப்பதால் பிரஷர் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் ரிலீஃப் வால்வு திறந்து, ஆயில் சம்ப்புக்கே திரும்பி விழுகிறது. மீட்டர் நிறைவாக நிற்கும் அதே நேரத்தில் கேம்ஷாஃப்ட்டுக்கு ஆயில் இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது.

ஃபில்டரிலும் இதே கதை. கெட்டி ஆயில் தாளின் வழியே போக முடியாமல், ஃபில்டரின் இரு பக்கத்துக்கும் இடையே சுமார் 1 பார் வித்தியாசம் வந்தால் பைபாஸ் வால்வு திறந்துவிடும். அப்போது வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போகும். குளிருக்குச் சரியான டபிள்யூ இருந்தால் இந்த நேரம் விநாடிகளில் முடியும். ஃபில்டர் வாங்கும்போது ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு சிலிக்கோனால் ஆனதா என்று கேளுங்கள். நைட்ரில் ரப்பர் கடுங்குளிரில் விறைத்துவிடும், ஒவ்வொரு காலையும் ஸ்டார்ட் செய்தவுடன் டப்பெட் சத்தம் கேட்கும்.

காலையில் எவ்வளவு நேரம் ஐடிலில் ஓட விட வேண்டும்?

மைனஸ் 10 வரை முப்பது விநாடி முதல் ஒரு நிமிடம். மைனஸ் 20-ஐத் தாண்டினால் இரண்டு மூன்று நிமிடம். மைனஸ் 30-இல் ஐந்து நிமிடம் வரை போகலாம். பிறகு மெதுவாக வண்டியை நகர்த்துங்கள். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் 2,500 சுற்றுக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். கூலன்ட் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் சூடாக இன்னும் அதே அளவு நேரம் ஆகலாம். முள்ளைப் பார்த்து ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள்.

அரை மணி நேரம் ஐடிலில் விடுவது இன்ஜினுக்கு உபகாரம் இல்லை. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் கூடுதலாகத் தெளிக்கப்படும். எரியாதது சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். மூடிய ஷெட்டில் ஓட விட்டால் உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பிளாக் ஹீட்டர் போட்டால் எந்த ஆயிலும் சரியா?

ஹீட்டர் இருந்தாலும் மின்சாரம் இல்லாத இடத்தில் வண்டி ஒருநாள் நிற்கும். அதனால் டபிள்யூவைச் சரியாகவே தேர்ந்தெடுங்கள். பிளாக் ஹீட்டர் பொதுவாக 400 முதல் 1,000 வாட் வரை. கூலன்ட்டைச் சூடாக்கி இன்ஜின் உடலை இளஞ்சூட்டில் வைக்கும். சம்ப்பில் இருக்கும் ஆயிலை அது அவ்வளவாகத் தொடாது. அதற்குத் தனியாக சம்ப்பின் அடியில் ஒட்டும் சிலிக்கோன் பட்டைகள் உண்டு, 125 முதல் 250 வாட் வரை. ஒட்டும் இடத்தை நன்றாகத் தேய்த்து, ஆயில் பிசுக்கு போகத் துடைத்துத்தான் ஒட்ட வேண்டும். காற்றிடைவெளி இருந்தால் அந்த இடத்தில் பட்டை கருகும். இரவு முழுக்க ஓட விட அவசியமில்லை, டைமர் வைத்து இரண்டு முதல் நான்கு மணி நேரம் முன்னதாகப் போட்டால் போதும். சம்ப்பின் அடியில் அடுப்போ தீயோ வைப்பது கூடவே கூடாது.

ஆயில் மூடியின் உள்ளே வெள்ளையாக க்ரீம்போல் படிந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா?

குளிர்காலத்தில் மூடியில் மட்டும் படிந்திருந்தால் பெரும்பாலும் இல்லை. சிறு தூரம் ஓட்டி நிறுத்தும் வண்டியில், எரிதலில் உண்டாகும் நீராவி குளிர்ந்த மூடியில் படிந்து ஆயிலோடு கலந்து இப்படி ஆகும். டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்து, கூலன்ட் அளவும் குறையாமல் இருந்தால் துடைத்துவிட்டு, வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுங்கள். ஆயில் நன்றாகச் சூடானால்தான் தண்ணீர் ஆவியாகிப் போகும். டிப்ஸ்டிக்கிலும் பால் நிறம் தெரிந்தால், அல்லது கூலன்ட் குறைந்தால், வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இதே நீராவி கிராங்க்கேஸ் மூச்சுக்குழாயில் உறைந்து அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, டிப்ஸ்டிக்கைத் தள்ளும், கிராங்க் சீல் வழியே ஆயிலைக் கக்கும். மைனஸ் 20-க்குக் கீழே நீண்ட ஓட்டத்துக்குப் பின் திடீர் ஆயில் ஒழுக்கு கண்டால் முதலில் அந்தக் குழாயைப் பாருங்கள். சீலைப் பிறகு பார்க்கலாம்.

ஆயிலை எப்போது மாற்றுவது? எப்படி?

குளிர் தொடங்குவதற்கு முன். கோடை முழுக்க ஓடிக் கெட்டிப்பட்ட ஆயிலோடு முதல் உறைகுளிரைச் சந்திக்கக் கூடாது. தினமும் ஐந்து கிலோமீட்டருக்குள் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் உள்ள "கடினப் பயன்பாடு" இடைவெளிதான் பொருந்தும். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் மாதக்கணக்கு வந்தால் மாற்றிவிடுங்கள்.

இன்ஜினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, சமதளத்தில் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். டிரெயின் போல்ட்டைக் கழற்றி, சொட்டுவது நின்று இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். குளிர்ந்த ஆயிலை வடித்தால் அரை லிட்டர் கசடோடு உள்ளேயே தங்கிவிடும். புது வாஷர் போட்டு, கையேட்டில் உள்ள டார்க்கில் முறுக்குங்கள். பல கார்களில் அது 25 முதல் 40 நியூட்டன்-மீட்டருக்குள் இருக்கும். அலுமினிய சம்ப்பில் அதற்கு மேல் போனால் மரை போய்விடும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டி நிற்கிறதா என்று தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் கெட்டி ஆயிலின் பிரஷரில் முதல் குளிர்காலையிலேயே பிதுங்கி எல்லா ஆயிலும் வெளியே வரும். நான்கு சிலிண்டர் காருக்கு ஆயில் பொதுவாக மூன்றரை முதல் ஐந்து லிட்டர். சொன்ன அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுங்கள்.

ஆயில் குறைந்துவிட்டது, வேறு கிரேடுதான் கையில் இருக்கிறது. கலக்கலாமா?

அவசரத்துக்குக் கலக்கலாம். இன்றைய இன்ஜின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலந்தால் திரிந்து போகாது. ஆனால் பாதி 0டபிள்யூ, பாதி 10டபிள்யூ கலந்தால் 5டபிள்யூ கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு கம்பெனியின் மெழுகுத் தடுப்பு வேதிப்பொருள் மற்றொன்றின் பாலிமரோடு சரியாகச் சேராவிட்டால், பம்ப் எல்லையில் கலவை இரண்டையும்விட மோசமாகலாம். மைனஸ் 25 வரும் இடத்தில் கலவையோடு குளிர்காலத்தை ஓட்டாதீர்கள்.

ஆயிலை இளக்க மண்ணெண்ணெய் அல்லது பெட்ரோல் ஊற்றும் பழைய முறை வேண்டவே வேண்டாம். சூட்டில் படலம் கிழிந்துவிடும். டிப்ஸ்டிக் அளவு தானாக ஏறுகிறது என்றால் அதுவும் இதே வகைதான், பெட்ரோலோ டீசலோ ஆயிலில் இறங்குகிறது. மேல் கோட்டைத் தாண்டினால் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

டீசல் வண்டிக்கு வேறு கணக்கா?

டபிள்யூ கணக்கு அதேதான், ஆனால் இடைவெளி இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். டீசலின் அமுக்கம் அதிகம், எரியத் தேவையான சூடு வர வேகமாகச் சுற்றியாக வேண்டும். கரி சேர்ந்து ஆயிலும் கெட்டிப்படும். கனரக வண்டிகளில் வழக்கமான 15டபிள்யூ-40 மைனஸ் 15-ஐ நெருங்கும்போதே சிரமப்படும். அதற்குக் கீழே 5டபிள்யூ-40, கடுங்குளிருக்கு 0டபிள்யூ-40. ஏபிஐ சிகே-4, எஃப்ஏ-4 என்ற டீசல் ஆயில் தரங்கள் இரண்டும் 2016 டிசம்பரில் வந்தவை, ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. எஃப்ஏ-4 சூட்டிலும் மெல்லியது. இன்ஜின் தயாரிப்பாளர் வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய ஊற்றாதீர்கள். புகை வடிகட்டி உள்ள வண்டியில் குறைந்த சாம்பல் கொண்ட ஆயில் என்ற நிபந்தனையை டபிள்யூவுக்காக விட்டுக்கொடுக்க வேண்டாம். சாம்பலால் அடைபட்ட வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்ய முடியாது.

குளிரில் டீசலே மெழுகாகி ஃபில்டரை அடைப்பது வேறு கோளாறு, ஆயிலை மாற்றுவதால் அது தீராது.

இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. ஆயிலா, பேட்டரியா?

முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். லெட்-ஆசிட் பேட்டரி மைனஸ் 18-இல் தன் பலத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் தரும். அதே நேரத்தில் கெட்டி ஆயில் அதிக பலம் கேட்கும். பேட்டரியின் மேல் உள்ள குளிர் ஸ்டார்ட் ஆம்பியர் எண்ணும் மைனஸ் 18-இல் அளந்ததுதான். இரவு நின்ற வண்டியில் வோல்ட் மீட்டர் 12.6 காட்டினால் நிறை சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. சார்ஜ் நிறைவாக இருந்தும், இணைப்புகள் சுத்தமாக இருந்தும் சுற்றல் மந்தமாக இருந்தால், சம்ப்பைச் சூடாக்கிப் பாருங்கள். அதில் குணம் தெரிந்தால் ஆயில்தான் காரணம். செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். ஒரு நிமிடமாவது ஆறவிட்டு மறுபடி முயலுங்கள்.

ஹைப்ரிட் வண்டி?

ஹைப்ரிடில் இன்ஜின் விட்டுவிட்டு ஓடுவதால் குளிர்காலத்தில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே அரிது. அதனால்தான் பலவற்றுக்கு 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று கேட்கிறார்கள். இவற்றில் கெட்டியான ஆயிலை ஊற்ற எந்தக் காரணமும் இல்லை. நீராவியும் பெட்ரோலும் ஆயிலில் தங்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், மாற்றும் இடைவெளியை மட்டும் நீட்டாதீர்கள்.

பைக்குக்கு கார் ஆயிலின் 0டபிள்யூ-20 ஊற்றலாமா?

வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்சும் கியரும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கும். கார் ஆயிலில் உள்ள உராய்வு குறைப்பான்களால் கிளட்ச் வழுக்கும். கியர் பற்கள் மெல்லிய ஆயிலைச் சீக்கிரம் அரைத்து நீர்க்கச் செய்யும். கேனில் பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். மைனஸ் 20 வரை 10டபிள்யூ-40 போதும், அதற்குக் கீழேயும் ஓட்டுவதென்றால் ஜாசோ எம்ஏ2 தரத்தில் 5டபிள்யூ-40 கிடைக்கிறது. குளிர்ந்த பைக்கில் முதல் கியர் "டொக்" என்று விழுவது கிளட்ச் தட்டுகள் கெட்டி ஆயிலில் ஒட்டிக்கொள்வதால்தான். கியரைப் போடுமுன் கிளட்ச் லீவரை இரண்டு மூன்று முறை பிடித்து விட்டால் தட்டுகள் பிரிந்துவிடும்.